அண்ணன் கல்லறைக்கு அடிக்காத சுண்ணாம்பு

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் ஆட்கள் எல்லோரும் வாளியும் மட்டையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடிப்பார்கள். என் அண்ணன் கல்லறை மட்டும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கும். "கூடப்பொறந்தவன இப்பிடி மறந்துட்டாளே, இவளும் ஒரு பொம்பளையா" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். அதிலும் நான் சுண்ணாம்புக்காரன் பெண்டாட்டி. வாயைத் திறக்காமல் நிற்பேன். திறந்தால் அன்றைக்கு அங்கே யாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற மனசு வராது.

மெயின்லேண்டில், தூத்துக்குடிப் பக்கம், சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதுதான் எங்கள் தொழில். என் வீட்டுக்காரர், என் அண்ணன், நான் என்று மூன்று பேரும் ஒன்றாகக் கப்பலேறி அந்தமானுக்கு வந்தோம். போர்ட் பிளேரில் அப்போது எங்கே பார்த்தாலும் கட்டிட வேலை. மரைன் ஹில்லுக்கும் சுண்ணாம்பு கேட்டார்கள், ஷாதிபூருக்கும் கேட்டார்கள். கடலில் இறங்கிச் சிப்பி பொறுக்கினால் கட்டுப்படியாகாது. சௌல்தாரிக்கு அப்பால் ஓடைக்கரையில் இருந்த மேட்டை அண்ணன்தான் முதலில் பார்த்தான். மேலே மரங்கள் முளைத்திருந்தன. மண்வெட்டி போட்டால் உள்ளே மண்ணே இல்லை. ஆள் உயரத்துக்குச் சிப்பி.

"எவனோ காளவாசல் போடுறதுக்குச் சேத்து வச்சிட்டுப் போட்டுட்டு ஓடிட்டான் மச்சான்" என்றான் அண்ணன். சிப்பிக் குவியலைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? மேட்டின் பக்கத்திலேயே காளவாசல் கட்டினோம். விறகு ஒரு அடுக்கு, சிப்பி ஒரு அடுக்கு என்று நிரப்பித் தீ வைத்தோம். சிப்பிக் கூடையைச் சும்மாடு வைத்துச் சுமந்தவள் நான்.

தோண்டத் தோண்டப் பன்றி எலும்பு வந்தது, பானை ஓடு வந்தது. ஒருநாள் மனித மண்டையோடு வந்தது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளி நின்றான். என் வீட்டுக்காரர் சிரித்தார். "எலும்பும் சுட்டா வெள்ளதான். போடுளா உள்ள" என்றார். நான் போட்டேன். ஒன்றிரண்டு அல்ல, கூடை கூடையாகப் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கிழவர் வந்தார். இந்தத் தீவுகளின் பழைய குடிகளில் மிஞ்சிய ஆள். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிக்காரர்களுக்குக் காட்டுக்குள் வழிகாட்டியாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. நேரே என் தலையிலிருந்த கூடைக்குள் கைவிட்டு ஒரு தாடை எலும்பை எடுத்தார். நான் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து மண்வெட்டிக் காம்பால் அடித்த அடியில் கிழவரின் காது கிழிந்து தொங்கியது. தோளெல்லாம் ரத்தம். அவர் எலும்பை விடவில்லை.

"ஆக் மே மத் டாலோ" என்றார். நெருப்பில் போடாதே என்கிறார். அது மட்டும்தான் கேட்டார்.

அண்ணன் தன் துண்டைக் கிழித்துக் காதில் கட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தான். கிழவர் தீவு இந்தியில் பேசினார். எங்களுக்குப் பாதி புரிந்தது, மீதியை அண்ணன் கேட்டுக் கேட்டு வாங்கினான். இந்த மேடு அவருடைய ஆட்களின் சாப்பாட்டு இடமாம். பருவத்துக்குப் பருவம் இங்கே வந்து தங்கி, சிப்பி சுட்டுத் தின்று, அதன் ஓட்டை எறிந்து எறிந்து உயர்ந்த மேடு. செத்தவர்களையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அவருடைய அம்மா இந்த இடத்தில் சிப்பி தின்றதாகச் சொன்னார். பிறகு கைதிகளோடு கப்பல்கள் வந்தன, காடு போனது. அம்புக்குக் குண்டு பதில் சொன்னது. பிடிபட்டவர்களை ஒரு வீட்டில் வைத்துச் சோறும் புகையிலையும் கொடுத்தார்களாம். கூடவே காய்ச்சலையும் அம்மையையும் ஊர் பேர் தெரியாத நோயையும் கொடுத்தார்கள். பிறந்த பிள்ளைகள் நிற்கவில்லை. இப்போது தன் அம்மாவின் பாஷையில் பேசினால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பைத்தியம் என்று நினைத்தேன்.

"அப்போ காட்டுக்குள்ள இருக்கிற ஜாரவா ஆளுங்க மட்டும் எப்பிடித் தப்பிச்சாங்க?" என்று அண்ணன் கேட்டான். ஜாரவாக்கள் வேறு ஆட்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது என்றார் கிழவர். வெளியே வந்த எங்கள் கதியைப் பார்த்தார்கள், அதனால்தான் யார் கிட்டே வந்தாலும் அம்பு விடுகிறார்கள் என்றார்.

அன்றிலிருந்து அண்ணன் எலும்பு வந்தால் தனியாக எடுத்து மரத்தடியில் புதைத்தான். அவன் கண்ணில் படாததை நானும் வீட்டுக்காரரும் காளவாசலில் தள்ளினோம்.

மழை நின்றதும் விறகு தட்டுப்பாடு. அண்ணன் இரண்டு ஆட்களோடு டோங்கிப் படகில் ஓடை வழியாக, ஜாரவாக்கள் இருக்கும் மேற்குக் காட்டோரம் விறகு வெட்டப் போனான். மத்தியானம் டோங்கி திரும்பியது. அண்ணன் உட்கார்ந்த வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் அம்பு. படகின் அடியில் தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. அம்பைப் பிடுங்கியவர் என் வீட்டுக்காரர். குடலும் சேர்ந்து வந்தது. "ஏளா, குளிருது" என்றான் அண்ணன். உச்சி வெயிலில் குளிருகிறது என்கிறான். என் மடியில்தான் செத்தான்.

நான் அழவில்லை. எனக்கு வெறி பிடித்திருந்தது. அடக்கம் முடிந்து வந்ததும் வாசலில் நின்று என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மீச வச்சிருக்கீரே, எதுக்கு? ஒரு உசுரையாவது எடுத்துட்டு வாரும். இல்லன்னா வீட்டுக்குள்ள வராதயும்" என்றேன். இதை நான்தான் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மரம் வெட்ட வந்திருந்த ஆட்களில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஜாரவா குடிசைகளுக்கு வழி காட்டக் கிழவரைக் கூப்பிட்டார்கள், அவர் வர மறுத்தார். வெள்ளைக்காரனுக்கு வழி காட்டியது போதும் என்றார். கையைக் கட்டி, முதுகில் துப்பாக்கிக் குழலை வைத்துக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் காலை வந்தார்கள். காளவாசல் அப்போது எரிந்துகொண்டிருந்தது. குடிசைகளுக்குத் தீ வைத்தோம், எல்லோரும் ஓடிவிட்டார்கள், ஒருத்தி மட்டும் எதையோ எடுக்கத் திரும்பி வந்தாள், அங்கேயே சுட்டோம் என்று என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கச் சொன்னார். "இந்தா, இதத்தான் எடுக்க வந்தா" என்று என் காலடியில் எறிந்தார். ஒரு தாடை எலும்பு. செம்மண் பூசி, மெல்லிய கயிறு முறுக்கிக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி கட்டியிருந்தது.

நான் அதைக் கையில் எடுத்தேன். கிழவர் கட்டிய கைகளோடு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அது அவளுடைய புருஷனாகவோ கூடப்பிறந்தவனாகவோ இருக்கும் என்றார். செத்தவரின் எலும்பைத் தோண்டியெடுத்து, கழுவி, மண் பூசி, கூடவே வைத்துக்கொள்வார்கள், என் ஜனங்களும் அப்படித்தான் செய்தார்கள் என்றார். "உஸ்கா பாய் ஹோகா" என்று இரண்டு தரம் சொன்னார். அவளுடைய அண்ணனாக இருக்கும்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்துதான் நெருப்பில் எறிந்தேன். கிழவர் என் கையை விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அந்தச் சூட்டில் எடுத்த சுண்ணாம்பைத்தான் தண்ணீர் விட்டு நீற்றினேன். நல்ல வெள்ளை. அண்ணன் கல்லறைக்கு என் கையாலேயே இரண்டு பூச்சு அடித்தேன். மூன்றாவது பூச்சுக்கு மட்டையை முக்கும்போது, விரல் வெடிப்பில் சுண்ணாம்பு சுரீரென்று பிடித்தது. வலியில் கையை உதறியபோதுதான் அந்தச் செம்மண் பூசிய எலும்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. எரிகிற குடிசைக்கு அவள் எதற்குத் திரும்பினாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் என் அண்ணனுக்காகத்தானே நின்றுகொண்டிருந்தேன். எலும்பை மரத்தடியில் புதைத்தவன் மேலேயே நான் எலும்பைப் பூசிக்கொண்டிருந்தேன்.

மீன் அரிகிற கத்தியை வாங்கி வந்து சுரண்டினேன். நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை சுரண்டினேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பிடித்து இழுத்தும் நான் விடவில்லை. ஊர் எனக்குப் பேய் பிடித்ததென்று பேசிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. மேடும் போய்விட்டது, தரைமட்டமாகும்வரை நாங்களே வெட்டிச் சுட்டோம். மேட்டு எலும்புகளை அண்ணன் புதைத்த மரத்தைத் தேடிப் போனேன். அதையும் விறகுக்கு வெட்டியிருந்தோம்.

சுரண்டிய தூளெல்லாம் கல்லின் இடுக்கு வழியாக அவன் மேல்தான் விழுந்தது. கல்லில் அண்ணன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே கிடப்பது இரண்டு அண்ணன்கள்.