பஜனை நின்றால் விழிக்கிறவர்

மோகன்ராஜ் தூங்கும் அழகைப் பார்க்க வேண்டுமானால் காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏற வேண்டும். அத்திப்பட்டில் ஏறி உட்கார்ந்ததும் வாயைப் பிளந்துவிடுவார். எதிரே பூவராகவன் கோஷ்டி ஜால்ராவும் கஞ்சிராவுமாகப் பஜனை பாடிப் பெட்டியையே அதிரவைக்கும். மனிதர் அசைய மாட்டார். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது பாட்டை முடிப்பார்கள். சட்டென்று விழித்து டிபன் பாக்ஸோடு இறங்கிவிடுவார்.

எல்லாம் மூளை செய்கிற வேலை. அதன் நடுவே தலாமஸ் என்றொரு வாட்ச்மேன். தூங்குகிறவரிடம் பழகிய சத்தத்தை அவ்வளவாக உள்ளே விடமாட்டான். ஏதாவது மாறினால்தான் வம்பு. கீழே மூளைத்தண்டு மணியடித்து ஆளை எழுப்பிவிடும். மோகன்ராஜுக்கு ஜால்ரா தாலாட்டு, அமைதிதான் அலாரம். பாவம், கோஷ்டிக்கு இது தெரியாது.

அன்று எட்டு மணிக்குக் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டிக் காட்டும் தேர்வு. தேறினால் ஆறு வருட கான்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகும். "எப்பய்யா பெர்மனென்ட்டு?" என்று மனைவி சத்யா கேட்காத நாளில்லை.

பொன்னேரியில் ரயில் நின்றபோது பூவராகவன் ஜால்ராவைப் பைக்குள் போட்டார். "இன்னிக்கு மோகனுக்கு டெஸ்ட்டு. நல்லா தூங்கட்டும், யாரும் பாடாதீங்கபா."

என்ன நல்ல மனசு! மோகன்ராஜ் துள்ளி எழுந்து பிளாட்பாரத்தில் குதித்தார். "யோவ், இது பொன்னேரியா!" என்று அவர்கள் அலறுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. தேர்வு நடத்தும் மேலாளர் சுமலதா ஃபைலை மூடிவிட்டிருந்தார்.

"ஏன் லேட்டு?"

"பாட்டு நின்னுபோச்சு மேடம். அதான் எறங்கிட்டேன்."

முழுக் கதையும் கேட்டார்; முறைப்பு குறையவில்லை. "அடுத்த வருஷம் வாங்க."

மோகன்ராஜ் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். ஒரு தூக்கத்தில் எல்லாம் போயிற்று என்று மெஷின் கூடத்தின் வாசல் வரை நடந்தவர் திடீரென்று நின்றார். "மேடம், மூணாவது பிரஸ்ஸு சத்தம் மாறிகினு கீது. ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

பத்து மெஷின்களின் இரைச்சலில் சுமலதாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் நிறுத்தச் சொன்னார். உள்ளே டை என்கிற அச்சைப் பிடித்திருந்த போல்ட் பாதி கழன்றிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பக்கத்தில் நின்றவர் கை போயிருக்கும்.

சுமலதா அந்தப் போல்ட்டையே பார்த்தார். பிறகு ஃபைலைத் திறந்தார். "வாங்க, மெஷினை ஓட்டிக் காட்டுங்க."

பதினொரு மணிக்கு மோகன்ராஜ் வீட்டுக்குப் போன் போட்டார். "சத்யா, பெர்மனென்ட் ஆயிட்டேன்."

"இன்னாய்யா, இன்னும் ரயில்ல தூங்கிகினு கீறியா?"

"முழிச்சிகினுதான் கீறேன்" என்று சொல்லி அழுதுவிட்டார்.