செக்கிங்கில் விடுபட்ட பெயர்

தாசில்தார். ஆர்.ஐ. இலங்கை அகதி முகாம் கிளார்க். எங்கள் வக்கீலம்மா. முகாமைச் சேர்ந்த புஷ்பராணி. அவள் கணவன் யோகன். மனு எழுதிய நான். அன்று விசாரணையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். பிறகு வக்கீலம்மாவிடம் சேர்ந்து முகாம் ஆட்களுக்கு மனு எழுதினேன்.

யோகன் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. புஷ்பராணி கேரளத் தோட்டத்துக்குப் போய்த் தங்கி வேலை செய்தாள். முகாமில் ஆள் எண்ணும் செக்கிங்குக்கு மூன்று முறை வரவில்லை. பெயரை அடித்துவிட்டார்கள். பெயர் இல்லையென்றால் முகாமில் இருக்க முடியாது. திரும்பச் சேர்க்கக் கேட்டு மனு.

எழுதும்போதே கேட்டாள். "அண்ணே, தோட்டத்துக்குப் போனத எழுதணுமா? காய்ச்சல்னு போட்டா பத்தாதா?"

"பொய் எதுக்குத்தா? நம்ம கம்பம் ஊருல பாதிச் சனம் விடிஞ்சா ஜீப் ஏறி கேரளா மலைக்குத்தான் போகுது. இதுல என்ன குத்தம்?"

மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வக்கீலம்மா மதுரை ஹைகோர்ட்டில் இருந்தார். அவரிடம் காட்டாமலே கொடுத்துவிட்டேன்.

விசாரணையில் தாசில்தார் அந்த வரியைத்தான் படித்தார். "கேரளாவுக்குப் போக பெர்மிஷன் வாங்குனியாம்மா?"

"இல்லீங்கய்யா."

"அவுகளே எழுதிக் குடுத்துட்டாக சார்," என்றார் ஆர்.ஐ.

"மனுவுலயே ஏலக்கா வாசம் அடிக்குது," என்று கிளார்க் சிரித்தார்.

வக்கீலம்மா யோகனின் இடுப்பைச் சொன்னார், பிள்ளைகளைச் சொன்னார். "அப்பீல் போங்கம்மா," என்று தாசில்தார் ஃபைல் கட்டை மூடினார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா என்னிடம், "பொய் எழுதச் சொல்லல. பெர்மிஷன் வாங்கணும்னு அவளுக்கு யாரும் சொல்லலைன்னு மொத வரியில எழுதியிருக்கணும்யா," என்றார்.

புஷ்பராணி கோபப்படவில்லை. "உங்கட ஆக்களுக்கு அது குத்தமில்லதான் அண்ணே," என்றாள்.

இப்போது மனு எழுதப் பழக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். நாம் யோசிக்காமல் போய் வருகிற இடமெல்லாம் அவர்களுக்குக் கேஸ். உங்களை வைத்து அவர்கள் மனுவை எழுதாதீர்கள்.

அப்பீல் போட்டோம். தேனி கலெக்டர் ஆபீஸ் முன்னால் தட்டி பிடித்து நின்றோம். பதில் இல்லை.

அடுத்த செக்கிங்குக்கு நானும் போனேன். புஷ்பராணி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வாசலில் யோகன் சுவரைப் பிடித்து நின்றான். பக்கத்தில் பிள்ளைகள் இரண்டும். கிளார்க் விரலை நீட்டி எண்ணி எழுதினார்.

மூன்று.