ஃபைட்டர் மீனுக்குப் பார்த்த வைத்தியம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மீன் கடை இருந்ததாம். அந்தக் கடையில் குழம்பு வைக்க ஒரு மீன்கூடக் கிடைக்காதாம். ஊர் கரையான்சாவடி. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தாலும் எல்லோருக்கும் அது பாய் கடைதான். கதை கேட்டே வளர்ந்தவன் என்பதால் எதைச் சொன்னாலும் எனக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று அந்த வளர்ப்பு மீன் கடையில் போய் நின்றேன். மீனை விற்பது பாதி வேலை. விற்ற மீன் ஏன் படுத்துக்கொண்டது என்று சொல்வது மீதி வேலை.

அதிலும் இந்த ஃபைட்டர் இருக்கிறதே! தொட்டி வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஒரு பாட்டில் போதும் என்று வாங்கிப் போவார்கள். காலையில் தோகை மாதிரி வாலை விரித்து நின்றது, சாயங்காலம் பாட்டிலின் அடியில் சரிந்து கிடக்கும். தூக்கிக்கொண்டு நேராக நம்மிடம்தான் வருவார்கள். நோயாளியோ நாள் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடும். என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது. இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எதிரே ஒரு எதிரி

சென்னீர்குப்பத்தில் சலூன் வைத்திருந்த ஏழுமலை அண்ணன் ஒரு நீல ஃபைட்டர் வளர்த்தார். சாப்பிடாது, வால் ஓரமெல்லாம் கந்தல். கல் உப்பு போட்டு, நீல மருந்து இரண்டு சொட்டு விட்டுக் கடையிலேயே வைத்துக்கொள்வேன். தேறிவிடும். சலூனுக்குத் திரும்பிப் போனதும் மறுபடி படுத்துவிடும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

முடிவெட்டிக்கொள்ளப் போன அன்றுதான் புரிந்தது. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, நடுவில் பாட்டில். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நீல ஃபைட்டர் முறைக்கிறது. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அது செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றிருக்கிறது. பாவம், ஜெயிக்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை. உள் அலமாரியில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் என் கழுத்தில் துண்டை இறுக்கிக் கட்டினார். "உள்ள வச்சா கஸ்டமர் இன்னாத்த பாத்துகினு குந்தியிருப்பான்? என் மூஞ்சியையா?"

நுரை

எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஞானப்பிரகாசம் அண்ணன் டெய்லர் கடை. பின்கட்டில் வீடு. அங்கே அவரும் அவர் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், கஞ்சி கொண்டுபோனாலும் திரும்ப மாட்டார். ஞானம் அண்ணன் எதையெதையோ செய்து பார்த்துவிட்டு, ஒரு நாள் எங்களிடம் ஒரு சிவப்பு ஃபைட்டர் வாங்கிப் போய் ஜன்னலில் வைத்தார். அப்பா திரும்பினார். அன்றைக்குக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாராம். அந்த மீன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதில் எங்கள் எல்லோருக்குமே ஒரு பயம் வந்தது அன்றிலிருந்துதான்.

சீக்கிரமே ஒரு நாள், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடி வந்தார். மீன் வாயில் நுரை தள்ளுகிறது, யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார். பார்த்தேன். அது நோயே இல்லை. ஆண் ஃபைட்டர் முட்டைக்காக எச்சில் குமிழி ஊதி ஊதி நீரின் மேல் கூடு கட்டும். இவர் தினமும் அதை வழித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றியிருக்கிறார். அது தினமும் புதிதாகக் கட்டிக் கட்டியே ஓய்ந்து போயிருக்கிறது. விட்டுவிடுங்கள், அதுதான் வைத்தியம் என்றேன். கல்யாணப் பேச்சையே அப்பாவுக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த மனுஷன், பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "பொண்ணே பாக்கல, அதுக்குள்ள ஊடு கட்டுதா? என்னவிட தைரியசாலிதான்."

மழைக்கு மறுநாள்

ஒரு பெரு மழைக்குப் பிறகு, காய்ச்சல் பரவுகிறது என்று கிணறுகளிலெல்லாம் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். மனுஷனுக்கு நல்லது. மீனுக்கு எரியும் தண்ணீர். அன்று காலையில் எங்கள் கடை வாசல் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது, ஆளுக்கொரு பாட்டில். சோம்பேறித்தனமாகப் பழைய தண்ணீரிலேயே விட்டவர்கள் மீனெல்லாம் பிழைத்துக்கொண்டது. தண்ணீர் மாற்றியவர்கள்தான் வந்து நின்றார்கள். அதிலும் விடிந்ததும் புதுத் தண்ணீர் இறைத்து ஊற்றிய ஞானம் அண்ணனின் மீன்தான் உடம்பெல்லாம் வெள்ளையாகப் படர்ந்து, மேலே வந்து மூச்சுக்குத் தவித்தது.

டிரம்மில் வெயில் காட்டி வைத்திருந்த பழைய தண்ணீரில் அதை மாற்றினேன். அசைக்காமல் ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று பாய் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஞானம் அண்ணன் வந்தார். மீனைப் பற்றிக் கேட்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்பா ஜன்னலயே பாத்துகினு கீறாரு தம்பி. ஜன்னல்ல ஒண்ணுமே இல்ல."

வயிறு

அந்தக் கண்டத்திலிருந்தும் மீன் தப்பித்தது. ஆனால் பொங்கல் தாண்டி ஒரு நாள் வயிறு எலுமிச்சம்பழம் மாதிரி உப்பி, ஒருக்களித்து மிதந்தபடி வந்து சேர்ந்தது. என்ன தீனி போடுகிறீர்கள் என்றேன். நீ சொன்ன புழுதான், அதுவும் காலையில் மட்டும்தான் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் பாட்டிலோடு அவர் வீட்டுக்கே போனேன்.

கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பாட்டிலை அதன் இடத்தில் வைத்ததும், அப்பாவின் இடது கை தலையணைக்கு அடியில் போனது. ஒரு விள்ளல் இட்லியை எடுத்து, விரலால் நசுக்கி, தண்ணீரில் போட்டார். மீன் சாய்ந்த வாக்கிலேயே மேலே வந்தது. அது வாயைத் திறந்தபோது அவரும் திறந்தார். தன் தட்டில் பாதியைத் தினமும் அதற்கு எடுத்து வைத்திருக்கிறார். ஞானம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: சில நாள் பட்டினி, அப்பாவின் கைக்கு எட்டாத இடம். பேச்சுதான் போயிருந்தது, அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. அந்தக் கை மெல்லப் போர்வைக்குள் போய்விட்டது.

பாட்டில் தையல் மெஷின் பக்கத்துக்குப் போனது. வயிறு வடிந்தது, நிறம் ஏறியது. நான் வைத்தியம் பார்த்ததில் அவ்வளவு சுத்தமாகக் குணமான மீன் வேறு இல்லை. அண்ணன் அதைக் கொண்டுவந்து காட்டினார். "மீன் நல்லா கீது தம்பி. அப்பாதான் சொவுத்து பக்கம் திரும்பிகினாரு. இட்லிய தொடவே மாட்டேன்றாரு."

திரும்பவும் ஜன்னலுக்கு

மீன் தீனியை ஒரு மூடியில் கொஞ்சமாக அளந்து அப்பாவிடம் கொடுத்துப் பாருங்கள் என்றேன். கொடுத்துப் பார்த்தாராம், தள்ளிவிட்டாராம். தன் சாப்பாட்டில் பங்கு கொடுக்கத்தான் அவருக்கு ஆசை. இட்லி போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று அண்ணன் கேட்டார். ரொம்ப நாள் தாங்காது என்றேன். பாட்டிலுக்குள் அது வாலை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பார்க்க முடியவில்லை எனக்கு. ஞானம் அண்ணன் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

கல்லாவிலிருந்து பாய், "இது போச்சுன்னா கவலப்படாத நைனா, அதே செவப்புல ஒண்ணு எடுத்து வக்கிறேன். பெரியவருக்குத் தெரியவா போது?" என்றார்.

அண்ணன் படியில் நின்று திரும்பினார். "அதே செவப்பு வோணாம் பாய். வேற கலரா வையி. அவருக்கு வாய்தான் போச்சு, கண்ணு நல்லாவே கீது."

தண்ணீர் அலம்பாமல் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைகளின் நிழலோரமாகவே நடந்து, அவர் தன் கடைக்குள் போய் மறைந்தார்.

ஃபைட்டருக்கு என்ன நோய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல எனக்கு வந்துவிட்டது, எதைக் குணமாக்காமல் விடவேண்டும் என்பதுதான் இன்னும் வரவில்லை.