நின்ற வண்டியில் ஒரு மணிக்கூர்

பேத்தி மோட்டார் சைக்கிளில் தனியாக லடாக் போகிறாள். உடம்பைப் பழக்க, முற்றத்தில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். வெயிலில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாடை என்னைப் பாறசாலையில் எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துப் போனது.

அங்கே சித்தப்பாவும் காஷ்மீர் போக இப்படித்தான் பழகினார். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் எதையும் பார்த்திராத சோம்பேறிகள் மதிலில் சாய்ந்து, "டெல்லி எத்தியாச்சா?" என்று இளித்தார்கள். பத்து வயதில் நானும் அந்த ஈனக் கூட்டத்தில் ஒருவன். "சும்மா இருக்கதுக்கு என்ன பாடு?" என்றேன்.

"மக்கா, நீ ஒரு மணிக்கூர் எறங்காம இரு. இருந்தா நான் போகல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கால் மரத்ததும் இறங்கி மாமர நிழலில் மல்லாந்து கிடந்தேன். அவர் வரும் சத்தம் கேட்டதும் மறுபடி ஏறிக்கொண்டேன்.

"எறங்கவே இல்ல" என்றேன். மதிலில் இருந்தவர்களும் சத்தியம் செய்தார்கள். சித்தப்பா வாக்கு மாறவில்லை, வண்டியை விற்றுவிட்டார்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன்.

"ஒங்க முதுகெல்லாம் மண்ணு இருந்திருக்குமே, தாத்தா. அவரு பாத்திருப்பாரு. அவனுவ முன்னால ஒங்கள கள்ளனாக்க வேண்டாம்னு வாயத் தொறந்து மிண்டாம இருந்திருப்பாரு."