பக்கம் திருப்பியவர்

சிங்காநல்லூரில் தம்பிதுரையைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, அடுத்தவன் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டியவர். இன்றைக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை சொந்தமாக இருக்கிறது. படித்த பையன்களே அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தால் போதும், படம் கிடம் எதுவும் இல்லாமல் கட்டி ஓடவிட்டுவிடுவார்.

பியானோவும் அப்படித்தான். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் இருக்கும் பியானோவே அவர் கொண்டுவந்ததுதானே! வால்பாறையில் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி, லாரியில் வைக்கோல் பரப்பி இறக்கினார். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு கட்டை கழன்று விழவில்லை. வாசிக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. காதால் கேட்டார், விரலால் தேடினார், வந்துவிட்டது. கேட்ட பாட்டு அவருக்குள் ஆணியடித்த மாதிரி நின்றுவிடும்.

அவருடைய மனைவி அன்புச்செல்வி வேறு ரகம். தாராபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் முறையாகக் கற்றவள். கோட்டுக்குக் கோடு குந்தியிருக்கும் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான் வாசிப்பாள். தாள் இல்லாவிட்டால் கட்டையில் விரல் வைக்கமாட்டாள். சேர்த்த தாள்களையெல்லாம் ஒன்றாகத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள். கல்யாணத்துக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் அவர். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் இதே வழக்குதான்.

"மேடையில பேசறவன் எழுதி வெச்சுப் படிச்சா எவன் கைதட்டுவான் அம்மணி? நெஞ்சுல இருக்கோணும்."

"ஏனுங்க, நம்ம ஆயரு வேதப் புத்தகத்த விரிச்சு வெச்சுத்தானுங்க படிக்கறாரு. அவருக்குப் பாடமில்லாமயா?"

"அவருக்கு வயசாயிப்போச்சு."

"உங்களுக்கு மட்டும் கொறைஞ்சுட்டே வருதாக்கும்! நீங்க வாசிக்கறது உங்க பாட்டுங்க. நான் வாசிக்கறது எழுதுனவரு பாட்டு."

"எழுதுனவன் செத்து நூறு வருசமாச்சு. எந்திரிச்சு வந்து கேக்கவா போறான்?"

"அதுக்குத்தானுங்க பேப்பரு."

ஊர் வாயை அடைப்பவர் அங்கே மட்டும் ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், மாவாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். கால் வந்தது, கை வந்தது, பேச்சும் வந்தது. மனுசர்கள் மட்டும் வரவில்லை. மகள் புவனாவை நர்ஸம்மா என்றாள். கட்டிய புருசனை, "ஏனுங்க அய்யா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

ஆள் மறந்தாலும் கை மறக்காது என்று தம்பிதுரை அடித்துச் சொன்னார். ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பியானோ முன் உட்காரவைத்தார். கை மடியிலேயே கிடந்தது. கட்டைமேல் எடுத்து வைத்தார், நழுவியது. பக்கத்தில் நின்றபடி அவளுக்குப் பிடித்த பாட்டின் முதல் வரியை வாசித்துக் காட்டினார்.

"நல்லாருக்குதுங்க" என்றாள். யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல.

புவனாதான் அந்தத் தைத்த புத்தகத்தை எடுத்து முன்னால் விரித்தாள். அன்புச்செல்வி முதுகை நிமிர்த்தினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பிசிறில்லாமல் ஒரு பாட்டு முழுக்க வாசித்தாள்.

தம்பிதுரை வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். கூடப் பிழைத்தவனைத் தெரியவில்லை, தாளில் இருக்கும் புள்ளி தெரிகிறது. சந்தோசமா, வயிற்றெரிச்சலா, அவருக்கே பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது: அந்தப் பெஞ்சில் இருக்கும் நேரம்தான் அவள் அன்புச்செல்வி. அது போய்விட்டால் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

ஈஸ்டர் வந்தது. அன்புச்செல்வியை வாசிக்கவிட ஆயர் தயங்கினார். "சபைக்கு முன்னால ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்களுக்குத்தானுங்க சங்கடம். இந்த ஒரு தடவை பாப்போம். சரியா வந்துச்சுன்னா அவங்க எடம் அவங்களுக்கே."

"என்ற சம்சாரம் வாசிப்பா, பாருங்க" என்றார் தம்பிதுரை.

பக்கம் திருப்புவது புவனாவின் வேலை. அன்றைக்கு அவள் இடுப்பில் கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"நான் திருப்பிக்கறனுங்கப்பா. பாட்டு ஒரே தாளுல ரெண்டு பக்கமும் இருக்குது. ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் மறுபடி பின்னால திருப்போணும், இல்லீன்னா..."

"எனக்கே சொல்லித் தாரயா? எனக்குத் தெரியாத பாட்டா? நீ கொழந்தையப் பாரு."

சபை எழுந்து நின்றது. முதல் சரணம் கம்பீரமாகப் போனது. தம்பிதுரை திருப்பினார், சரணம் முடிந்ததும் மறுபடி பின்னால் திருப்பினார். இரண்டாவதும் அப்படியே. ஆயர்கூடத் தலையை ஆட்டினார். தம்பிதுரைக்கு நெஞ்சு விம்மியது. தாளை அவருக்குப் படிக்கத் தெரியாது, பாட்டைத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தானும் உரக்கப் பாடினார். மூன்றாவது சரணத்தின் முடிவில், மூடிய கண்ணோடு, தாளை முன்னால் தள்ளிவிட்டார்.

அடுத்த பக்கத்தில் இருந்தது கிறிஸ்துமஸ் பாட்டு.

எது எதிரில் இருக்கிறதோ அதை அன்புச்செல்வி வாசித்தாள். துளியும் தடங்கல் இல்லை. சபை பாடியது உயிர்த்தெழுந்த பாட்டு, பியானோ வாசித்தது மாட்டுத் தொழுவப் பாட்டு. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். முன்வரிசையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் குதூகலமாகக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பரவியது.

தம்பிதுரை பதறிப்போய்ப் பின்னால் திருப்பினார், முன்னால் திருப்பினார், மறுபடி பின்னால். எல்லாப் பக்கமும் ஒரே புள்ளி. அன்புச்செல்வியின் கை நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமில்லை, கண்ணில் தண்ணீர்.

"ஏனுங்க அய்யா, பக்கம் திருப்பத் தெரியாதவரு எதுக்குங்க வந்து நின்னீங்க? எல்லாரும் சிரிக்கறாங்க பாருங்க. எங்கூட்டுக்காரரு பின்னால இருப்பாரு, அவரை வரச் சொல்லுங்க. அவருக்குப் பேப்பரே வேண்டாமுங்க."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆயர் இறங்கி வந்து, "நீங்க உக்காருங்க தம்பிதுரை" என்றார் மெதுவாக.

உட்கார்ந்தார். மிச்சமிருந்த சரணத்தை வாசித்தார். பட்டறையில் அத்தனை பேரை அதட்டும் மனுசர், ஒரு இடத்தில் சுரம் தப்பி, தேடிப் பிடித்துக் கரைசேர்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆயர் வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரத்துலிருந்து அம்மா நம்மகூட உக்காந்து பாடட்டுமுங்க. வாசிக்க வேண்டாம்." வீட்டுக்கு வெளியே யாரிடமும் வழக்கில் தோற்காதவர், "சரீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோவில் அவள் ஓரமாக, இடம் விட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்:

"எங்கூட்டுக்காரரு வந்தாருங்களா?"

"வந்தாருங்க."

"வாசிச்சாருங்களா?"

"வாசிச்சாருங்க."

"எப்பிடீங்க வாசிச்சாரு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுமாருங்க. ஒரு எடத்துல தப்புப் பண்ணிப்போட்டாரு."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அன்புச்செல்வி. குரல் சுருக்கென்று ஏறியது. "அவரு தப்புப் பண்ணவே மாட்டாருங்க. அவர மாதிரி வாசிக்க இந்த ஜில்லாவுலயே ஆளில்லீங்க. அவருகிட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல. சொன்னா தலக்கனம் ஏறிப்போயிருமுங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அந்த அந்நிய மனுசரோடு அவள் பேசவில்லை.