நாற்பது போன்கள் சுமந்த மோலா இக்கோமே

மோலா இக்கோமேயைப் பற்றி ஊரில் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். மனுஷன் பேசமாட்டார். எங்கள் ஊர் புவேயாவிலிருந்து துறைமுக நகரம் டுவாலாவுக்கு ஷேர் டாக்ஸி ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு வருஷம். பக்கத்து இருக்கைக்காரர் புவேயாவில் ஆரம்பித்த குடும்பக் கதையை டுவாலாவில் முடிக்கும்வரை இவர் "ம்" கொட்டுவார், அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் உயரம், காரின் கதவை அடைக்கும் தோள். கௌரவம் பார்ப்பதில் மன்னன். சந்தையில் மனைவி கைப்பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னால், அதைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

புவேயாவின் மொலிக்கோ பகுதியில் தையல்கடை வைத்திருந்த எபோசிக்கு அப்படிப்பட்டவரின் முகம் தெரியும், பேர் தெரியும், வேறொன்றும் தெரியாது. அவள் தைப்பது கப்பா. கழுத்திலிருந்து கணுக்கால்வரை காற்றாடத் தொங்கும், எங்கள் பெண்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடுத்தும் அங்கி. அவள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். துணியைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவாள், அவர்கள் அளவு அனுப்புவார்கள், பொட்டலம் போகும்.

2017 ஜனவரியில் ஒரு நாள் எங்கள் பக்கம் முழுக்க அரசாங்கம் இணையத்தை நிறுத்திவிட்டது. எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. எபோசி அனுப்பிய செய்தி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. அரசாங்கத்தை எதிர்த்து வாரத்தில் பாதி நாள் கடையடைப்பு வேறு. உள்ளூர்க்காரர்கள் யாரும் துணி தைக்கும் மனநிலையில் இல்லை.

இணையம் நிற்பதற்கு இரண்டு நாள் முன்புதான் ஜெர்மனியிலிருந்து எனங்கா என்ற பெண் எழுதியிருந்தாள். அம்மா தவறிவிட்டார். மார்ச் கடைசியில் இங்கே ஊரில் அடக்கம். குடும்பத்துப் பெண்கள் இருபத்துநான்கு பேருக்கும் ஒரே துணியில் கப்பா வேண்டும். எபோசியின் கடைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. கிடைத்தால் கடை பிழைக்கும். கைநழுவினால் இரண்டு தையல் பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

டுவாலா போகும் வழியில் முங்கோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இணையம் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். எபோசி மோலாவின் டாக்ஸியில் ஏறிப் பாலம் தாண்டி இறங்கி, எனங்காவுக்குப் பதில் எழுதிவிட்டுக் காத்திருந்து, டுவாலாவிலிருந்து திரும்பிய அதே டாக்ஸியில் ஊர் வந்தாள். நாள் பாழ். கடை வாசலில் அவள் இறங்கும்போதுதான் மோலா வாயைத் திறந்தார். எங்கள் பக்கம் ஆணை மரியாதையாக 'மோலா' என்போம், பெண்ணை 'ஈயா' என்போம்.

"போன மட்டும் எங்கிட்ட குடுங்க, ஈயா. தெனமும் அந்தப் பக்கம் போறவந்தானே நான். நீங்க தைங்க."

எழுதவேண்டிய பதிலை எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் கொடுத்தால் போதும். பாலம் தாண்டியதும் அது தானாகப் போய்ச்சேரும், வரவேண்டியது வந்து இறங்கும். ஒரு போன் நான்காயிற்று. கருவாட்டுக்காரி கொடுத்தாள், மலைத்தேன் விற்பவர் கொடுத்தார், மகனின் கல்லூரிக் கடிதத்துக்காக ஒரு வாத்தியார் கொடுத்தார். இரண்டு வாரத்தில் நாற்பது. தனிக்கூலி ஏதும் வாங்கவில்லை. போகிற வண்டிதானே என்றார்.

ஒன்று மாறினால் வம்பு என்று எபோசி வெட்டுத் துணிகளில் நாற்பது சின்னப் பைகள் தைத்தாள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. முதல் நாள் நாற்பதையும் ஒரே மூட்டையாக மடியில் வைத்துக்கொண்டு, சரிபார்க்க அவளும் கூடப் போனாள்.

அன்றைக்கு அவள் கண்டதை இன்றும் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவளுக்கு. பாலத்தில் கார் ஏறியபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கீழே ஆறு பழுப்பு நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அக்கரை மண்ணைத் தொட்டுச் சிறிது தூரம் போனதும் மூட்டைக்குள் ஒரு போன் 'டிங்' என்றது. பிறகு இன்னொன்று. அப்புறம் நாற்பதும் சேர்ந்துகொண்டன. மணியும் விசிலும் பாட்டும் அதிர்வுமாக மூட்டையே மடியில் துள்ளியது. ஊருக்கு வெளியே வழிதெரியாமல் நின்ற பேச்செல்லாம் ஒரே வாசலில் நுழைந்தது. முன்னிருக்கையில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எபோசிக்குக் கண் கலங்கியதைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மோலா சாலையோரம் மீன் சுடுகிறவளின் கடையருகே நிறுத்தி, மூட்டையை பானெட்டின் மேல் வைத்தார். அரைமணி நேரம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு போனின் திரை பைக்கு வெளியே தெரிந்து ஒளிர்ந்தபோது, தலையைத் திருப்பிக்கொண்டு கையால் துழாவிப் பையை இழுத்து மூடினார். ஏன் என்று எபோசி கேட்டாள். அது அவங்க வீட்டுப் பேச்சு, எனக்கென்ன அதில் என்றார்.

பிப்ரவரியில் எனங்கா கறாராக எழுதிவிட்டாள். வியாழக்கிழமைக்குள் முடிவெடுக்கிறோம், டுவாலாவிலும் ஒரு தையல்காரரிடம் கேட்டிருக்கிறோம் என்று. எபோசி ராப்பகலாக உட்கார்ந்து அவர்கள் கேட்ட துணியிலேயே ஒரு மாதிரிக் கப்பா தைத்தாள், நீலத்தில் வெள்ளைக் கொடி ஓடும் துணி. வியாழன் காலை பார்த்து மலேரியா அவளைப் படுக்கையில் தள்ளியது. கப்பாவை ஹேங்கரில் மாட்டி எடுத்த படத்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, போனையும் கப்பாவையும் மோலாவிடம் கொடுத்தனுப்பினாள். என் போனை மட்டும் நீங்கள் படிக்கலாம், எதையாவது காட்டச் சொன்னால் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள் என்று நடுங்கிக்கொண்டே சொன்னாள். மோலா "ம்" என்றார்.

சாயங்காலம் வந்தார். போனையும் மடித்த கப்பாவையும் கட்டில் ஓரம் வைத்தார். "ஒத்துக்கிட்டாங்க, ஈயா" என்றார். மற்ற போன்களைக் கொடுக்கப் போய்விட்டார்.

எபோசி போனைத் திறந்தாள். எனங்கா எழுதியிருந்தாள். ஹேங்கரில் தொங்குவதை வைத்து நாங்கள் எதைச் சொல்வது, நாங்கள் எல்லாருமே அம்மாவைப் போலப் பெரிய உடம்புக்காரிகள், தோளில் எப்படி உட்காரும், கையைத் தூக்கினால் என்ன ஆகும், டுவாலாக்காரர் ஆளை உடுத்திக் காட்டிவிட்டார், ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு படம்.

மோலா இக்கோமே கப்பா உடுத்தி நின்றார்.

பின்னால் மீன்கடைப் புகை, படம் எடுத்தது மீன் சுடுகிறவளாகத்தான் இருக்கவேண்டும். விளிம்புக்குக் கீழே அவருடைய செருப்பும் பெரிய பாதமும். அடையாள அட்டைக்கு நிற்பவர் முகம். அடுத்தது பக்கவாட்டில். அடுத்தது முதுகு. கடைசியில் ஒரு வீடியோ. நடந்தார், திரும்பினார், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார், குனிந்து நிமிர்ந்தார். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள், ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தோள்ல புடிக்கல. கைய தூக்கினா இழுக்கல. அழும்போது குனிஞ்சாலும் கழுத்து வழியல. நல்ல தையல்." வீடியோவில் அவர் பேசியது இவ்வளவுதான்.

யார் நீங்கள் என்று எனங்கா கேட்டிருந்தாள். டிரைவர் என்று பதில். கீழே இன்னும் ஒன்று எழுதியிருந்தார். சாவுத் துணியைக் குடும்பத்து ஆட்கள்தான் உடுத்தவேண்டும், வேற்று ஆளான நான் முதலில் உடுத்திவிட்டேன், மன்னிக்கவேண்டும். அதற்கு எனங்கா, எபோசியே தைக்கட்டும், வேறு யாரும் வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

எபோசி முதலில் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கப்பாவை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மனைவியின் கைப்பையைக்கூடப் பிடிக்காத மனுஷன். இதைச் செய்துவிட்டு வந்து இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு போய்விட்டாரே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

டாக்ஸி ஸ்டாண்டுக்கு மறுநாள் காலையிலேயே சேதி வந்துவிட்டது. "ஈயா இக்கோமே வந்துட்டாங்க, வழிவிடுங்கப்பா" என்று கூத்தடித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உள்ளே காத்து நல்லா வருது, உங்களுக்கும் ஆளுக்கொண்ணு சொல்லட்டுமா என்று கேட்டாராம். பதினெட்டு வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக் என்று ஸ்டாண்டில் இன்றும் சொல்வார்கள்.

அளவுகள் வந்தன. மூன்று தையல் மெஷின்களும் ஓயவில்லை. மார்ச் நடுவில் ஒரு நாள் மோலா வழக்கம்போலக் கடை வாசலில் வந்து போனை நீட்டினார். எனங்காவின் குரல்செய்தி ஒன்று வந்திருந்தது. அவர் திரும்பிப் போவதற்குள் எபோசி அதைப் போட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை எடுத்தாள்.

"நில்லுங்க மோலா. தோள் அளவு வேணும்."

எதற்கு என்றார். அவள் பதில் சொல்லாமல் குரலை மறுபடி ஓடவிட்டாள். தன்னைப் பற்றிய பேச்சை அவரே பாலம் கடந்து சுமந்துகொண்டு வந்திருந்தார், ஒரு வார்த்தை தெரியாமல்.

"எந்தம்பிக்கு ஜெர்மனில இருக்கறதுக்கு இன்னும் பேப்பர் கெடைக்கல. அங்க வந்தா மறுபடி இங்க நுழைய முடியாது. அம்மாவோட பெட்டிய தூக்குறதுல அவன் எடம் காலியா கெடக்கு. எங்களுக்கு முன்னாடி எங்க துணிய உடுத்தினவரு அந்த டிரைவர். மிச்சத் துணில அவருக்கு ஒரு சட்ட தைங்க. தம்பி எடத்துல அவரு தோள் குடுப்பாரான்னு கேளுங்க."

மெஷின்களை நிறுத்திவிட்டு இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோலா கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அளவுநாடாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"அம்மா பேரு என்ன?" என்று கேட்டார்.

"நமோண்டோ" என்றாள் எபோசி.