துரைக்கு வைத்த ரொட்டி

திருமானூரில் என் மாமா வீட்டுச் சுவரில், செத்துப்போனவர்களின் படங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரையும் தொங்கினார். மாமா மகள் மேல் நான் பொறாமைப்பட இது ஒன்று போதாதா?

பெரம்பலூரில் எங்கள் வீட்டுப் படங்களில் இருந்தவர்கள் காய்ச்சலில் போனவர்கள், பாம்பு கடித்துப் போனவர்கள், வயதாகிச் சும்மா போனவர்கள். துரையோ பர்மாக் காட்டில் ஜப்பான்காரன் சுட்டுச் செத்த பட்டாள அதிகாரி. மாமா வீட்டோடு இருந்த அத்தையின் அப்பா, நாங்கள் தாத்தா என்று கூப்பிடுபவர்தான், அவருக்கு எடுபிடிச் சிப்பாய். குண்டடிபட்ட துரையைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா மூன்று நாள் நடந்தார், தாத்தா மடியில்தான் உயிர் போனது என்று மாமா மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போன விடுமுறையில் அது ஒரு நாளாகத்தான் இருந்தது.

கேபிள் டிவி வந்த புதிது. நான் ஆறாவது படித்தேன். ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அம்மா என்னையும் திருமானூருக்கு அழைத்துப்போனாள். முன்னோர்களுக்கு வடை பாயசத்தோடு தலைவாழை இலை. பக்கத்தில் துரைக்குத் தனி இலை: ரொட்டி, பிஸ்கட், பீங்கான் கப்பில் டீ, ஒரு சிகரெட். படத்தின் கண்ணாடி மேல் துரையின் நெற்றியில் குங்குமம் வைப்பது மாமா மகளின் வேலை.

"ஒரே ஒரு தடவ நான் வைக்கிறேன்டி."

"ஒங்க வூட்டுப் படத்துக்குப் போயி வச்சுக்க. தொர எங்க ஆளு."

அத்தையைப் பார்த்தேன். அத்தை வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

படைத்து முடித்ததும் மொட்டைமாடிச் சுவரில் இரண்டு உருண்டை வைத்தார்கள். முன்னோர்களுக்குச் சோறு, துரைக்கு டீயில் நனைத்த ரொட்டி. காகம் எடுத்தால்தான் நாங்கள் சாப்பிடலாம். எல்லோரும் இறங்கியதும் நான் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன், கையில் துண்டு. சோற்றுக்கு வந்த காகத்தை விட்டுவிட்டேன். ரொட்டிப் பக்கம் வந்ததையெல்லாம் விரட்டினேன். எட்டோ ஒன்பதோ இருக்கும். ஒன்று மட்டும் போய்ப்போய் வந்தது. அதன் மேல் துண்டையே வீசினேன்.

நான் கீழே வந்ததும் மாமா மாடிச் சுவரை எட்டிப்பார்த்துவிட்டு வந்து இலை போட்டார். "நம்ம சோத்தக் காக்கா எடுத்துருச்சு. ஒக்காருங்க மாமா," என்று தாத்தாவைக் கூப்பிட்டார்.

தாத்தா உட்காரவில்லை. "தொர எடுக்கலியே மாப்ள."

"வெள்ளக்காரருக்கு நம்ம அமாவாச என்னப்பா தெரியும்? சாப்புடுங்க," என்றாள் அத்தை.

"இத்தன வருசமா வந்தாருல்ல?" தாத்தா படத்தைக் காட்டினார். "மன்னிச்சுட்டாருன்னுதான நானும் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். வவுத்துல குண்டு. தண்ணி தண்ணின்னாரு. இந்தா எடுத்தாறேன் சார்னு சொல்லிட்டு ஓடிட்டேம்மா. திரும்பிப் போவவே இல்ல."

அத்தையின் கையில் சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றது. தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, மெல்லப் படியேறி மாடிக்குப் போனார். சாயங்காலம் வரைக்கும் அந்த ரொட்டிக்கு எதிரில் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். மாமா இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கோ கால் தரையில் படவில்லை. மாமா மகளின் காதருகே போய், "தூக்கவும் இல்ல, மடியும் இல்ல. ஓடிட்டாராம்ல?" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இலையையே பார்த்தாள். இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மாடியேறி, "தாத்தா, காக்காவ நான்தான் வெரட்டுனேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார். நான் சொல்லாமல் இருந்தது அடி விழும் என்ற பயத்தால் அல்ல. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.